புத்னிக்கு முளைத்த அறை

மலைக்கு மேலே மஞ்சு இறங்கி, மஞ்சுக்குக் கீழே மழை இறங்கி, மழைக்குக் கீழே நாங்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ஆடி மாதத்துக் காலையில், நீர்க்கல்மட்டம் எஸ்டேட்டின் கீழ் லயத்து வரிசைவீடுகளில், கடைசி வீட்டுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே, நேற்றுவரை கோழி மேய்ந்த இடத்தில் ஒரு அறை முளைத்திருந்தது. முளைத்ததோடு நிற்காமல் இன்னும் கொஞ்சம் வளர்ந்துகொண்டும் இருந்தது. எங்கள் அம்மா தெய்வானை கூடையை முதுகில் மாட்டியபடியே அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோழிய இனிமே எங்க விடுறது?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் வந்தது வாசல் நிலை, சின்னப் பிள்ளைக்குப் பால்பல் முளைக்கிற மாதிரி, கொஞ்சம் கோணலாக. அப்புறம் சுவர் வந்தது. எங்கள் மலையின் கருத்த மண் இல்லை, செக்கச்செவேலென்று வேறெந்த ஊரின் மண்ணோ. அப்புறம் கூரைத் தகரம் வந்தது, கொழுந்து சுருண்டு வந்து விரிகிற மாதிரி சுருண்டு வந்து, மழையில் மெல்ல விரிந்து, விரல் வைத்தால் அமுங்குகிற பதத்தில் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் அடுப்பு இருந்தது, அடுப்புக்கு மேலே சுவரில் பத்து வருஷம் சமைத்த கரி இருந்தது, இலுப்பைப்பூ வாசம் இருந்தது, ஆள்தான் இல்லை. ஆட்கள் நாலாம் நாள் வந்தார்கள், ஜார்க்கண்டிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி, கீழ் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடமும் வழி கேட்காமல், எதிரே நின்ற சூப்பர்வைசரைக்கூடப் பார்க்காமல் நேராக நடந்து வந்து உள்ளே போனார்கள். அவர்கள் கால் வைத்ததும் அதுவரை கொழகொழவென்று இருந்த கூரைத் தகரம் 'டிக்' என்று சத்தம் போட்டு இறுகிக்கொண்டது.

அதற்கப்புறம் அறைகள் முளைத்தபடியே இருந்தன. அங்கே, எங்கேயோ வடக்கே, சால்வையை உதறி மூட்டை கட்டி ஒருத்தர் வாசல் தாண்டினால் இங்கே ஒரு அறை கண் விழித்தது. அரிசி மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், படுத்தபடியே நாங்கள், ஆஹா, ஒண்ணு கிளம்பியாச்சு என்போம். அகலமான அறை என்றால் குடும்பம், ஒடுக்கமான அறை என்றால் ஒண்டிக்கட்டை, ஜன்னல் பெரிதாக இருந்தால் பீடி குடிக்கிற ஆள். நானும் என் கூட்டாளிகளும் பந்தயம் கட்டி, தோற்றவர் முதுகில் ஜெயித்தவர் ஸ்கூல் வரைக்கும் உப்புமூட்டை போவோம்.

பெரியவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால் அவரவர் குரலில் சொல்கிறேன். காலைப் பெரட்டில், அதாவது எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிக்கிற இடத்தில், சூப்பர்வைசர் குணரத்தினம் மாமா, பக்கத்து மலைக்கும் சேர்த்துப் பேர் வாசிக்கிற தொண்டை அவருக்கு, "யேய், லயத்து வால்ல மூணு மொளச்சிருக்கு, வெள்ளிக்கெழமைக்கு மூணு கொழுந்துக் கத்திரி எடுத்து வையி" என்பார். (அதே தொண்டையில் ஒருநாள் மஞ்சுக்குள் நின்றுகொண்டு நான் லீவு அறிவித்ததில் பாதி வரிசை வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. அதற்கு வாங்கிய அடியின் தழும்பு இன்னும் இருக்கிறது.) எஸ்டேட் மேனேஜர் துரை ஜீப்பை விட்டு இறங்காமல், வெரி குட், கட்டடச் செலவு மிச்சம், என்று போய்விட்டார். கரண்ட் ஆபீஸ்காரர் வந்து, முளைச்ச அறைக்கு லைன் இழுக்க ரூல் இல்லம்மா, என்று தலையைச் சொறிந்துகொண்டே இழுத்துவிட்டார். டீக்கடைக் கோயா, எந்தா மோளே, இது நல்ல கச்சோடம், என்று வியாபாரக் கணக்குப் போட்டு ரெண்டாவது பாய்லர் வாங்கினார். வடக்கத்திப் பேர்கள் பெருகப் பெருக பெரட்டில் வாசிப்பு நீண்டது. லயமும் மலையைச் சுற்றி வால் மாதிரி வளைந்து, தலைவீட்டில் நின்றால் வால்வீடு தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது.

மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. எங்கள் ஆட்கள் சிலோனில் மூணு தலைமுறை தேயிலை பறித்து, அங்கே போதும் போங்கள் என்று அனுப்பப்பட்டு, கப்பலில் வந்து மண்டபம் முகாமில் கிடந்து இந்த மலைக்கு ஏறி வந்தவர்கள். வந்தபோது இந்த மண் ஒரு வாசல் நிலைகூட முளைக்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழேதான் சமைத்தார்கள், தார்ப்பாய்க்குக் கீழேதான் பிள்ளை பெற்றார்கள், எங்கள் அம்மாவும் அப்படித் தார்ப்பாய்க்குக் கீழே பிறந்தவள்தான். அதனால் யூனியன் தலைவர் செபமாலை அண்ணன், துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றி, தோழர்களே, இந்த மண் முன்னாடி வந்தவனுக்கு ஒரு நீதி, பின்னாடி வந்தவனுக்கு ஒரு நீதி வைக்கலாமா, என்று ஆரம்பித்து, வால் முனையில் சாக்கு விரித்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மண் பேச்சுவார்த்தைக்கு வரவில்லை. மத்தியானம் வால்வீட்டுக்காரர்கள் அவருக்கும் சேர்த்து சோறு கொண்டுவந்தார்கள், கீரையும் உப்பும் போட்டு. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். உண்ணாவிரதம் அத்தோடு முடிந்தது.

ஆனாலும் அந்தக் கேள்வி முடியவில்லை. கொழுந்து பறிக்கிற நிரைகளில் யாராவது ஒருத்தி திடீரென்று நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "நாம வந்தப்ப ஒண்ணும் மொளைக்கலியே" என்பாள். மற்றவர்கள் குனிந்தபடியே உம் கொட்டுவார்கள்.

அப்படி உம் கொட்டுகிற நிரையில் எங்கள் அம்மாவுக்குப் பக்கத்து நிரைக்காரிதான் சுகுர்முனி. சுகுர்முனி முண்டா என்பது முழுப்பேர், குணரத்தினம் மாமா வாயில் விழுந்து சுகுமணி ஆனாள். ஒடுக்கமான அறைக்குத் தனியாக வந்தவள். புருஷன் பஞ்சாப் பக்கம் அறுப்புக்குப் போய் அப்படியே போனவன், வீடு மழையில் விழுந்துவிட்டது, மகள் புத்னியைத் தம்பி லக்கன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கை வேகம், பேச்சு மெது. தமிழை எங்கள் அம்மாவிடம்தான் கற்றாள், அதனால் எங்கள் அம்மா மாதிரியே, என்னத்துக்கு, போங்களேன், என்று இழுத்துப் பேசினாள். அவளை மாதிரிப் பேசிக்காட்டுவது எனக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டம் இல்லை, அம்மாவைப் பாதியாக்கி மெதுவாக ஓட்டினால் சுகுமணி அக்கா.

சாயங்காலமானால் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைக்கு மேல் ஏறி உட்கார்ந்து புத்னியோடு பேசுவாள். போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள், இல்லாவிட்டால் காற்றில் ஒன்றும் கேட்காது, அதனால் லயமே புத்னியைக் கேட்டு வளர்த்தது. ஆறு வயசு இருக்கும். கோழிக்கு என்ன பேர் வைத்தாள், மாமு எப்படிக் குறட்டை விடுகிறார், பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கடித்தது, எல்லாம் சுகுமணி அக்கா தமிழில் சொல்லச் சொல்ல எங்களுக்கு வந்து சேரும். நான் போனைப் பிடுங்கி அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். நல்ல தமிழ் இல்லை. ஒரு வாரத்தில் அவள் லக்கன் மாமுவைப் பார்த்து, "யோவ் சூப்பர்வைசரு, தொண்டைய மூடு" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். குணரத்தினம் மாமா கீழே நின்று அதைக் கேட்டுவிட்டு, கோபப்பட நினைத்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். அறை முளைச்சிருச்சா, என்று புத்னி கேட்பாள். இன்னும் இல்லை, என்பாள் இவள். ஏனென்றால் அங்கே லக்கனுக்கு நடவு முடிய வேண்டும், நடவு முடிந்தால் அவனும் அவளும் கிளம்ப வேண்டும், கிளம்பினால்தான் முளைக்கும். தெரியும். தெரிந்தும் சுகுமணி தினமும் காலையில், பெரட்டுக்கு முன்னால், செருப்புப் போடாமல் வால் முனைவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்து நிரையில் நிற்பாள். எங்கள் அம்மா முகத்தைத் திருப்பாமலேயே, என்ன, என்பாள். அவள், ஒண்ணும் இல்லக்கா, என்பாள். அப்புறம் ரெண்டு பேரும் பறிக்க ஆரம்பிப்பார்கள்.

அடுத்த வருஷத்து ஐப்பசி மழையில், ஒரு விடியலில், இழுக்கிற சத்தம் மூட்டை மாதிரி இல்லாமல் பள்ளிக்கூடப் பையை இழுக்கிற மாதிரி மெலிசாகக் கேட்டது. நாங்கள் எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினோம். லக்கனுக்கென்று ஒரு ஒடுக்கமான அறை, அதன் இடுப்பில் ஒட்டிக்கொண்டு இன்னொன்று. என் இடுப்பு உயரத்துக்குத்தான் வாசல், தேங்காய்ச் சிரட்டை அளவு அடுப்பு, உள்ளங்கை அகலத்தில் ஜன்னல், சுவரில் கரிகூட மெல்லிசாகத்தான், சமைத்து விளையாடின கரி. அதுவரை யாருக்கும் பிள்ளை அறை முளைத்ததில்லை. பிள்ளைகள் அம்மா அப்பா அறைக்குள்ளேயே வந்துவிடும். இவளுக்குத் தனியாக வந்திருந்தது.

சுகுமணி அதன் முன்னால் மண்டியிட்டு வாசல் நிலையில் நெற்றியை வைத்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை. குணரத்தினம் மாமா, பெரட்டுக்கு நேரமாச்சு, என்று கத்த வந்தவர், பேர் வாசிக்கிற நோட்டைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு எங்கள் ஆட்களின் மனத்தாங்கல் போன இடம் தெரியவில்லை. நாம வந்தப்ப முளைக்கலியே என்று நிமிர்ந்து சொன்னவள் தன் மகளின் பழைய கொலுசைத் தேடி எடுத்து வந்தாள். செபமாலை அண்ணன் ஜன்னலுக்குக் கம்பி வளைத்தார். அவர்கள் ரயிலில் வந்துகொண்டிருந்த மூணு நாளும் எங்கள் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை வருகிற வீட்டில் அடுப்பு வெறுமனேவா கிடக்கும், என்று லயத்துப் பெண்களைக் கூட்டினாள். எங்களில் பால் காய்ச்சாமல் யாரும் புது வீட்டுக்குள் போனதில்லை. தார்ப்பாய்க்குள் போனபோதுகூட, பசும்பாலுக்கு வழியில்லாமல் டின்பாலைக் கரைத்துக் காய்ச்சிவிட்டுத்தான் போனார்கள். பால் பொங்கிய வீட்டில் பசி நிற்காது என்பது எங்கள் நம்பிக்கை. வடக்கத்தி ஆட்கள் யாருக்கும் நாங்கள் அதைச் செய்ததில்லை, செய்யத் தோன்றியதில்லை. இந்தப் பிள்ளைக்குத் தோன்றியது.

மூணாம் நாள் மத்தியானம், அவர்கள் வந்து சேர ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது, அம்மா முதலில் தவழ்ந்து உள்ளே போனாள், பின்னால் ரெண்டு பெண்கள், அதற்குமேல் இடம் இல்லை. மீதிப்பேர் வாசலில் குனிந்து நின்றோம். சுகுமணிதான் பாலை நீட்டினாள். சிரட்டை அடுப்பில் குட்டிச் சட்டி வைத்து, சுள்ளி பற்றவைத்து, பால் நுரைத்து ஏறிக் கிழக்குப் பக்கமாய்ப் பொங்கி வழிந்தது. குலவை போட்டார்கள். குலவைக்கு நடுவில், தலைக்கு மேலே, அதுவரை கொழுந்துப் பதத்தில் இருந்த கூரைத் தகரம் 'டிக்' என்று இறுகியது. எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோர் கையிலும் சொட்டுச் சொட்டாகச் சூடான பால் இருந்தது.

லக்கன் மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தான். தனியாக வந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி, எல்லோரையும் போல யாரையும் கேட்காமல் நடந்து வந்து, தன் அறைக்குள் போகாமல் வெளியே மழையில் நின்றான். கையில் ரெண்டு மூட்டை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சுகுமணி சின்ன மூட்டையை வாங்கிக்கொண்டாள். அதைப் பிரிக்கவில்லை. பிள்ளை எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவன் சொல்லச் சொல்லக் கேட்டாள். ரயிலில் முதல் நாள் நன்றாகத்தான் இருந்தாள் என்றான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாட்டுப் பாடினாள், என் அறை வளர்கிற சத்தம் கேட்கிறது மாமு, யாரோ பையை இழுக்கிறார்கள், உனக்குக் கேட்கிறதா, என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூணாம் நாள், வெயில் பெட்டியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறுகிற நேரத்தில், மாமு சத்தம் நின்றுவிட்டது, என்றாள். படுத்தாள். தொட்டால் கொதித்தது. ஆந்திராவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் தூக்கிக்கொண்டு இறங்கினான். பேர் படிக்கத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டார்கள், பார்த்தார்கள், விடியும்முன் சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் உடலோடு மறுபடி ரயில் ஏற விடமாட்டார்கள் என்றார்கள். அங்கேயே, ஒரு வேப்பமரத்துக்குக் கீழே.

சுகுமணி எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டா?"

"பொரி" என்றான் லக்கன்.

கூட்டத்தில் எங்கள் அம்மா மட்டும் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூணாம் நாள். வெயில் பக்கம் மாறுகிற நேரம். சத்தம் நின்றுவிட்டது. அவள் கை தானாகப் போய் வாயைப் பொத்தியதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு லயம் முழுக்க ஒரே பேச்சுதான், எல்லாக் குரலிலும் அதே பேச்சு. ஆள் உள்ளே போனால்தான் தகரம் இறுகும், நாம உள்ளே போய்ப் பாலைப் பொங்கவிட்டோம், அறை தன் ஆள் வந்துவிட்டது என்று நினைத்துக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. இல்லை, அது காய்ச்சல், காய்ச்சலுக்கு நாம என்ன செய்ய. இல்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் காய்ச்சலோடாவது வந்து சேர்ந்திருக்கும். ஊருக்குத் திரும்பிப் போனவர்களின் அறைகள் ஒரு மழையில் கரைந்து மண்ணுக்குள் போவதுதான் வழக்கம், அதனால் இந்த அறையும் கரையும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், கரையவில்லை. வாசலில் கிடந்த கொலுசும் பாலாடை காய்ந்த சட்டியும் அப்படியே இருந்தன. தலைவீட்டுக்காரர் ஒருத்தர், சும்மாதானே கிடக்கிறது, கோழி அடைக்கலாமே, என்று வாய்தவறிச் சொன்னதற்கு, செபமாலை அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தில் அடித்தார். அவர் பேசாமல் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல்.

எங்கள் அம்மா டீயில் பால் விடுவதை நிறுத்திவிட்டாள். வெறும் சாயத்தண்ணி குடித்தாள். நிரையில் சுகுமணிக்குப் பக்கத்தில் நிற்காமல், கொழுந்து குறைவான, அட்டை நிறைந்த மேல்நிரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சுகுமணி கீழிருந்து ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கொழுந்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், மூட்டை நிறுக்கிற இடத்தில், சுகுமணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தர்ஷினி, புத்னி மாதிரி பேசு" என்றாள். நான் எல்லோர் குரலையும் பேசுகிறவள், துரை, கோயா, கரண்ட் ஆபீஸ்காரர், மாரியம்மன் கோயில் மைக்செட்டுக்காரர். எனக்குத் தயாராகவே இருந்தது அந்தக் குரல், தொண்டையில் வெகுநாளாக உட்கார்ந்திருந்தது, நான்தான் வெளியே விடாமல் வைத்திருந்தேன். விட்டேன். அறை முளைச்சிருச்சா, என்று அவள் பாஷையில் கேட்டேன், அந்த இழுப்பு, அந்த மூக்கடைப்பு, பின்னால் வருகிற கரகரப்பு எல்லாம் சேர்த்து. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது புத்னி இல்ல புள்ள. போன்ல அப்படித்தான் பேசுவா. நேர்ல வேற கொரலு." கொஞ்சம் யோசித்தாள். "அது எப்படி இருக்கும்னு எனக்கும் வர மாட்டேங்குது."

எழுந்து போய் மூட்டையைத் தராசில் வைத்தாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் நான் என் குரலில்கூடச் சரியாகப் பேசவில்லை.

தையில் பனி விழுந்து தேயிலை நுனி கருகி, வேலை குறைந்த வாரத்தில், லக்கன் ஊருக்குப் போவதாகச் சொன்னான். புத்னியின் நிழலை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்றான். அவர்கள் வழக்கம் அது. செத்தவரின் நிழல் செத்த இடத்திலேயே, வழியோரத்தில், ஒண்டிக்கொண்டு நிற்கும். ஆட்கள் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இரும்போடு இரும்பைத் தட்டிக்கொண்டே வழிகாட்டி அழைத்து வந்து, வீட்டின் உள்ளறையில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது எத்தனை காலமானாலும் அங்கேயே நிற்கும். அங்கே என்றால், பேர் தெரியாத ஸ்டேஷனுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஆறு வயசுப் பிள்ளை. லக்கன் தன் வீட்டு உள்ளறையில் சேர்க்கிறேன் என்றான்.

சுகுமணி வேண்டாம் என்றாள். புத்னிக்கு முளைத்த அறை இங்கேதான் இருக்கிறது என்றாள்.

அப்படியாக லக்கன் வடக்கே பாதி தூரம் போய், அந்த வேப்பமரத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வந்தான். வந்த விதத்தை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பஸ் கண்டக்டர் பின்னால் சொல்லிச் சொல்லிக் கண் துடைத்தார். ரயிலில் ஜன்னல் சீட்டைக் காலியாக விட்டு, அடுத்த சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து வந்திருக்கிறான். யாராவது உட்கார வந்தால் பிள்ளை இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான், சிலர் திட்டியிருக்கிறார்கள், சிலர் நின்றே வந்திருக்கிறார்கள். வழியெல்லாம் அவளிடம் பேச்சு. பாலம் வருது, பயப்படாதே. படி இருக்கு, பார்த்து இறங்கு. இது கோயம்புத்தூர். இது மேட்டுப்பாளையம். இனிமேல் மலை, வளைவு வரும், வாந்தி வந்தா சொல்லு.

கீழ் ரோட்டில் லயம் முழுக்கப் போய் நின்றோம், வெயில் சாய்கிற நேரம். அவர்கள் ஊரில் கலப்பைக் கொழுவில் தட்டுவார்களாம். எங்களிடம் கலப்பை ஏது? செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துப்போயிருந்தோம். லக்கன் பஸ்ஸை விட்டு இறங்கி, பின்னால் திரும்பி, கை நீட்டி, யாரையோ இறக்கிவிட்டான். கண்டக்டர் அவள் இறங்கும்வரை விசில் ஊதவில்லை. கத்தியை மண்வெட்டியில் தட்டிக்கொண்டே, சின்ன அடிகளாக வைத்து, ஏனென்றால் பெரிய அடி வைத்தால் பிள்ளை பின்தங்கிவிடும், மேலே ஏறி வந்தோம்.

அறைக்கு உள்ளே, வருகிற நிழலின் தடம் தெரிய, தரையில் சாம்பல் சலித்துப் பரப்பியிருந்தது. உள்ளே வீட்டு ஆட்கள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும், வெளியே கூட்டி வந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். சுகுமணி ஒருத்தி, அவளோடு இன்னொருத்தி வேண்டும், சொந்தத்தில். அவள் சொந்தத்துக்கு லக்கன் ஒருத்தன்தான், அவனும் வெளியே நிற்க வேண்டியவன். சுகுமணி கூட்டத்தைப் பார்த்தாள். எங்கள் அம்மா கூட்டத்தின் கடைசியில், தேயிலைச் செடிக்குப் பின்னால், பாதி மறைந்து நின்றாள். சுகுமணி நேராக அவளிடம் போனாள்.

"வாக்கா."

அம்மா தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

"நீதானே பால் காச்சின" என்றாள் சுகுமணி. "அப்ப நீ இந்த வீட்டு ஆளு. வேற யாரு வருவா?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ரெண்டு பேரும் குனிந்து, தவழ்ந்து, சாம்பலைக் கலைக்காமல் சுவரோரமாய் ஒடுங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாங்கள் வாசலில் நின்றோம். தட்டுகிற சத்தம் நின்றது. உள்ளேயிருந்து முதலில் சுகுமணியின் குரல் அவர்கள் பாஷையில் கேட்டது. அப்புறம் எங்கள் அம்மாவின் குரல், எங்களுக்காக, தமிழில்.

"யாரு? என்ன கொண்டு வந்திருக்கீங்க? சொகமா, துக்கமா?"

சுகம் என்று சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். சுகம் என்று சொன்னால்தான் கதவு திறக்கும். லக்கன் வாயைத் திறந்தான். ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பேசிக்கொண்டே வந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. காற்றுதான் வந்தது. உள்ளேயிருந்து மறுபடி கேட்டாள் அம்மா, சொகமா, துக்கமா. லக்கன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பக்கத்தில் இடுப்பளவில் இருந்த காலி இடத்தை எல்லோரும் பார்த்தோம். கதவு திறக்காவிட்டால் அது எங்கே போகும்? மறுபடியும் அவ்வளவு தூரமா?

மூணாவது தடவை கேட்டபோது அம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

அப்போது குணரத்தினம் மாமா முன்னால் வந்தார். பெரட்டில் நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று, பக்கத்து மலைக்கும் கேட்கிற தொண்டையில், கண்ணிலிருந்து தண்ணீர் மீசைக்குள் இறங்க இறங்க, "சொகந்தான்" என்றார். "சொகந்தான் கொண்டாந்திருக்கோம். கதவத் தொறங்க."

சொகந்தான், என்றார் செபமாலை அண்ணன். சொகந்தான், என்றாள் கொலுசுக்காரி. வால்வீட்டுக்காரர்கள் அவர்கள் பாஷையிலும் எங்கள் பாஷையிலும் சொன்னார்கள். நானும் சொன்னேன், யாருடைய குரலும் இல்லாமல். அந்த லயத்தில் அதுவரை அவ்வளவு பேர் சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னதில்லை, அவ்வளவு மனசோடு யாரும் எதையும் சொன்னதும் இல்லை.

கதவு திறந்தது. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை, நுழைகிறவளுக்கு வழி விட்டு. அப்புறம் குனிந்து பார்த்தோம். சாம்பலில் நடுவே, அடுப்புக்கு ஒரு முழம் முன்னால், ஏதோ ஒரு தடம். தடம் என்று சொன்னால் தடம். எறும்பு ஊர்ந்தது என்றார் ஒருத்தர், கதவு திறந்த காற்று என்றார் இன்னொருத்தர், அவர்களும் சத்தமாகச் சொல்லவில்லை. சுகுமணி விளக்குமாற்றை எடுத்து, மூலையிலிருந்து ஆரம்பித்து, சுவரோரம், வாசல், அடுப்படி எல்லாவற்றையும் கூட்டினாள். அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினாள். கூட்டி முடித்து, சின்ன மூட்டையைப் பிரித்து, உள்ளேயிருந்த போர்வையை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தாள். எங்கள் அம்மா அதன் ஓரத்தை நீவிவிட்டாள்.

பிறகு ரெண்டு பேரும் பின்னாலேயே தவழ்ந்து வெளியே வந்தார்கள். சுகுமணி கதவை ஓசைப்படாமல் ஒருக்களித்தாள்.

"பயணக் களைப்பு" என்றாள் எங்களிடம். "சத்தம் போடாதீங்க, தூங்கட்டும்."

அதனால் அன்றைக்குச் சாயங்காலம் லயத்தில், தலைவீட்டிலிருந்து வால்வீடு வரைக்கும், ஒரு வீட்டில்கூட டி.வி. போடவில்லை. பாத்திரங்களைத் துணி விரித்து அதன்மேல் வைத்தார்கள். கோயா பாய்லருக்குத் தண்ணீரை வாளியால் ஊற்றாமல் சொம்புச் சொம்பாக ஊற்றினார். குணரத்தினம் மாமா மறுநாள் வேலையை வீடு வீடாகப் போய்க் காதோடு சொன்னார். இருமல் வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, சில்வர் ஓக் மரங்களைத் தாண்டிப் போய், அங்கே நின்று இருமிவிட்டு வந்தார்கள்.